விலை குறைந்த ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளும் 120 தோட்டாக்களும்

முதல் நாள், ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) சரிசெய்து முடித்த கையோடு சுட்ட மூன்று குண்டும் நூறு மீட்டரில் 19 மில்லிமீட்டருக்குள் விழுந்தன. மூன்று ஓட்டையும் நெருக்கமாக நின்றன. இந்த விலைக்கு இப்படி ஒரு ரைஃபிளா என்று பூரித்துப்போய் அந்தத் தாளைப் படமும் எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் கழித்து அதே ரைஃபிள், அதே பெட்டித் தோட்டா, அதே மேசை, ஐந்து குண்டு 71 மில்லிமீட்டருக்குச் சிதறிக் கிடந்தது.

இரண்டில் எது நிஜமான ரைஃபிள்? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் பல நாட்களாக 120 தோட்டா செலவழித்தேன்.

ரைஃபிளின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த விலையில் வருகிற பல ரைஃபிள்களும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவைதான், இங்கே எழுதுவதில் பெரும்பகுதி எல்லாவற்றுக்கும் பொருந்தும். .308 வின்செஸ்டர் வகைத் தோட்டா, 22 அங்குல பேரல் (குழல்), அதன் உள்ளே வரிப்பள்ளத்துக்குப் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்கு, பிளாஸ்டிக் ஸ்டாக் (தோளில் வைக்கும் கட்டை, முன்பகுதி பேரலுக்கு அடியில் நீளும்), கழற்றக்கூடிய பிளாஸ்டிக் மேகசின் (தோட்டாப் பெட்டி).

சுடுவதற்கு முந்தைய நாள் மேசை விளக்கின் கீழே வைத்துப் பிரித்துப் பார்த்தேன். எப்போதும் போல மேகசினைக் கழற்றி, போல்ட்டை (பேரலின் பின்பக்கத்தை மூடித் திறக்கும் உருளை) திறந்து, சேம்பரை (தோட்டா உட்காரும் அறை) கண்ணால் பார்த்து, விரலாலும் ஒருமுறை தொட்டுப் பார்த்த பிறகுதான் மற்ற வேலை. புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்த துப்பாக்கியானாலும் இதை விடக்கூடாது.

முதலில் பேரல். இந்த விலை ரைஃபிள்களில் கம்பெனிக்காரர்கள் காசை மிச்சம் பிடிக்காத இடம் அநேகமாக இது ஒன்றுதான். பேரலுக்குள் வரிப்பள்ளம் போடுவது ஒரு காலத்தில் ஒவ்வொரு பள்ளமாகச் சீவி எடுக்கிற வேலை. இப்போது மிகக் கடினமான கார்பைடில் செய்த ஒரு பொத்தானைத் துளை வழியே இழுத்தோ தள்ளியோ எல்லாப் பள்ளத்தையும் ஒரே மூச்சில் அழுத்திப் பதித்துவிடுகிறார்கள், அல்லது உள்ளே ஓர் அச்சுக்கம்பியை வைத்து வெளியிலிருந்து சுத்தியல்களால் அடித்தே பேரலை உருவாக்கிவிடுகிறார்கள். இரண்டிலும் நேரம் குறைவு, ஒரு பேரலுக்கும் அடுத்த பேரலுக்கும் வித்தியாசமும் குறைவு. அதனால்தான் மலிவான ரைஃபிளிலும் நல்ல பேரல் கிடைக்கிறது. என்னுடையதில் டார்ச் அடித்துப் பார்த்தபோது சேம்பருக்கு முன்னால் லேசான வட்டக் கீறல்கள் தெரிந்தன, சேம்பரைக் குடையும் ரீமர் என்கிற கருவி விட்டுப்போன தடம். பள்ளங்களின் விளிம்பு சுத்தமாக இருந்தது. பேரலின் வாயில் பஞ்சுக் குச்சியை உள்ளிருந்து வெளியே மெதுவாகச் சுற்றிலும் இழுத்துப் பார்த்தேன். பிசிறு எங்காவது இருந்தால் பஞ்சு இழை அதில் மாட்டிக்கொள்ளும். எங்கேயும் மாட்டவில்லை. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற விளிம்பு இது. இங்கே ஒரு பக்கம் மட்டும் சிறு நெளிவு இருந்தால்கூடப் பின்னால் வரும் வாயு குண்டை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும்.

பேரலை ரிசீவரோடு (போல்ட் ஓடும் எஃகுக் கூடு) இணைக்கும் இடத்தில் ஒரு பெரிய நட்டு இருந்தது. பார்க்க அவ்வளவு அழகில்லை. ஆனால் எனக்கு அந்த நட்டின் மேல் பெரிய மரியாதை உண்டு. சாவேஜ் 110 ரைஃபிள் 1958இல் வந்தபோது இந்த முறையோடுதான் வந்தது. சேம்பருக்குள் அளவுக் கட்டையை வைத்து, போல்ட்டை மூடி, பேரலை அது தொடும்வரை திருகி, நட்டை இறுக்கினால் வேலை முடிந்தது. போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி சரியாக அமைந்துவிடும். அதற்கு முன் கைதேர்ந்த ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைந்து பொருத்திப் பார்த்துச் செய்த வேலை இது. காசை மிச்சப்படுத்தியும் துல்லியத்தைக் கெடுக்காத ஒரு யோசனைக்கு உதாரணம் கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

போல்ட் அப்படி இல்லை. தலையில் இரண்டு பூட்டுப் பற்கள். அவற்றின் பின்முகத்தில் கறுப்பு மார்க்கர் பேனாவால் மை பூசி, போல்ட்டைப் பின்னோக்கி லேசாக இழுத்த அழுத்தத்தில் பத்துப் பதினைந்து முறை திறந்து மூடினேன். வெளியே எடுத்துப் பார்த்தால் ஒரு பல்லில் மை முழுக்க அழிந்து எஃகு மின்னுகிறது, மற்றதில் விளிம்பில் ஒரு நகக்கீற்று அளவுக்கு மட்டும்தான் உராய்ந்திருக்கிறது. அதாவது சுமையில் பெரும்பகுதியை ஒரு பல்தான் தாங்குகிறது. தொழிற்சாலை ரைஃபிள்களில் இது அபூர்வம் இல்லை, சுடச்சுட ஓரளவு படிந்தும் போகும். இதனால் ஆபத்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் மனதுக்குப் பிடிக்கவில்லை. பற்களை நீங்களே தேய்த்துச் சமப்படுத்தலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்த இடைவெளி மாறிவிடும், அது அளவுக் கட்டைகளோடு துப்பாக்கிப் பணியாளர் செய்ய வேண்டிய வேலை. .308இல் உள்ளே எழும் அழுத்தத்தின் உச்ச வரம்பு 62,000 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), அந்த இடத்தில் கைவைத்துக் கற்றுக்கொள்ள முடியாது.

போல்ட்டின் கைப்பிடியில் வார்ப்புக் கோடு அப்படியே தெரிந்தது. பின்னால் இழுக்கும்போது கரகரவென்று ஒரு சத்தம், பாதியில் சற்றே மேல்நோக்கித் தள்ளினால் சிக்கிக்கொள்ளும். நேராக இழுத்தால் சிக்காது. அவசரத்தில் யாரும் நேராக இழுப்பதில்லை என்பதுதான் பிரச்சினை. சுட்ட தோட்டாவின் உறையை வெளியே இழுக்கும் கொக்கி சிறியது. 1898இன் மவுசர் ரைஃபிளில் இருக்கிற அந்த நீண்ட எஃகு நகம், தோட்டா மேகசினை விட்டு எழும்பும்போதே அதன் அடிவிளிம்பைப் பிடித்துக்கொள்ளுமே, அதெல்லாம் இதில் கிடையாது. இதில் போல்ட் தோட்டாவை முன்னால் தள்ளும், கடைசியில்தான் கொக்கி பிடிக்கும். வேலை நடக்கிறது, 120 தோட்டாவில் ஓர் உறைகூடச் சிக்கவில்லை.

டிரிக்கர் நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. அளவியில் பத்து முறை இழுத்துப் பார்த்ததில் சராசரி 1.9 கிலோ, அதிகபட்சம் 2.1, குறைந்தபட்சம் 1.8. எடையைவிட எனக்கு முக்கியம் அது ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விடுபடுகிறதா என்பது. விடுபட்டது. நடுவில் லேசான ஓர் இழுவை, அப்புறம் சட்டென்று உடைகிறது. கம்பெனியே கொடுத்திருக்கும் திருகைத் தளர்த்தி 1.4 கிலோவுக்குக் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று உண்டு: காலி துப்பாக்கியில், சேம்பரை மறுபடி பார்த்துவிட்டு, போல்ட்டை மூடி, பாதுகாப்புப் பூட்டை எடுத்த நிலையில் ஸ்டாக்கின் அடிப்பகுதியை ரப்பர் விரிப்பின் மேல் பலமாகத் தட்ட வேண்டும். சுடும் ஊசி விழுந்தால் டிரிக்கரை அளவுக்கு மீறி இலேசாக்கிவிட்டோம் என்று அர்த்தம். பத்துத் தட்டிலும் விழவில்லை.

மேகசினைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாய்விளிம்பில் அச்சுப் பிசிறு இருந்தது, மூன்றாவது தோட்டா எப்போதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. நகம் வெட்டும் அரத்தால் நாலு இழுப்பு, சரியாகிவிட்டது.

இனி சுட்ட கதை.

முதல் நாள் பத்துத் தோட்டா ஸ்கோப்பைச் சரிசெய்யப் போனது. பிறகு அந்த 19 மில்லிமீட்டர். பிறகு ஐந்து ஐந்தாக நான்கு குரூப் (ஒரே குறியில் சேர்ந்தாற்போலச் சுட்ட குண்டுகளின் தொகுதி), எல்லாம் 168 கிரெய்ன் (குண்டின் எடை) போட்டித் தோட்டா: 36, 71, 58, 64 மில்லிமீட்டர். அளப்பது எப்படி என்றால், ஒன்றுக்கொன்று மிகத் தள்ளி இருக்கும் இரண்டு ஓட்டைகளின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு அளந்து, குண்டின் விட்டம் 7.8 மில்லிமீட்டரைக் கழித்துவிடுவேன். சிதறலைச் சொல்ல எம்ஓஏ என்று ஒரு கோண அளவு உண்டு, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு; நூறு மீட்டரில் ஒரு எம்ஓஏ என்பது 29 மில்லிமீட்டர். அந்தக் கணக்கில் முதல் மூன்று குண்டு ஒரு எம்ஓஏவுக்கு உள்ளே, 71 என்பது கிட்டத்தட்ட இரண்டரை.

இங்கே ஒரு விஷயத்தைச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் விலை குறைந்த ரைஃபிள்களைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் வழுக்குவது இங்கேதான். மூன்று குண்டு குரூப் சின்னதாக இருப்பது ரைஃபிளின் குணத்தால் மட்டும் அல்ல, எண்ணிக்கை குறைவு என்பதாலும்தான். ஒரே ரைஃபிள், ஒரே தோட்டா, ஆள் சற்றும் தடுமாறவில்லை என்று வைத்துக்கொண்டாலும் கணக்குப்படி பத்துக் குண்டு குரூப்பின் சராசரி அகலம் மூன்று குண்டு குரூப்பைப் போல ஏறத்தாழ 1.6 மடங்கு வரும். ஐந்து குண்டுக்கு ஏறத்தாழ 1.3 மடங்கு. ரைஃபிள் எதுவும் மாறவில்லை, சிதறலின் ஓரத்தில் விழக்கூடிய குண்டு விழுவதற்கு அதிக வாய்ப்புக் கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதான். பத்து மூன்று-குண்டு குரூப் சுட்டு அதில் ஆகச் சிறியதைப் படம் எடுத்துப் போட்டால் எந்த ரைஃபிளையும் அற்புதமாகக் காட்டிவிடலாம். அதனால் என் 19 மில்லிமீட்டர் தாளுக்கு நான் கொடுக்கும் மதிப்பு, ஸ்கோப் சரியாக இருக்கிறது என்பதற்கான சாட்சி என்கிற அளவில்தான்.

ஆனால் 36க்கும் 71க்கும் உள்ள தூரத்தை இந்தக் கணக்கு முழுதாக விளக்காது. இரண்டும் ஐந்து குண்டுதான். அதோடு கடைசி மூன்று குரூப்பும் சும்மா சிதறவில்லை, மேலும் வலப்பக்கமும் நீண்டு கிடந்தன. எதோ ஒன்று தள்ளுகிறது.

முதல் சந்தேகம் ஸ்கோப்பின் மேல். அடிக்கட்டையின் திருகுகளையும் வளையங்களின் திருகுகளையும் முறுக்கு அளவியால் சோதித்தேன், வளையங்கள் இரண்டு நியூட்டன் மீட்டரில் வைத்தபடியே இருந்தன. ரிசீவரையும் ஸ்டாக்கையும் பிணைக்கும் இரண்டு திருகும் தளரவில்லை. அடுத்து என் மேலேயே சந்தேகம் வந்தது. தோள் வலித்து நான் டிரிக்கரை அடித்திருப்பேனோ? அதனால் மருந்தில்லாத போலித் தோட்டா போட்டு இருபது முறை இழுத்துப் பார்த்தேன், குறுக்குக் கோடு அசையவில்லை.

அப்புறம்தான் குறிப்பேட்டைப் புரட்டினேன். (ஒவ்வொரு குரூப்புக்கும் நேரம், காற்று, மேசையில் என்ன மாற்றினேன் என்று எழுதிவைக்கும் பழக்கம் உண்டு.) ஸ்கோப்பைச் சரிசெய்த பிறகு முதல் எட்டுக் குண்டையும் மணல் மூட்டையை மேகசினுக்கு ஒட்டினாற்போல வைத்துச் சுட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு வசதியாக இருக்கிறது என்று மூட்டையை முன்னால் நகர்த்தி, வார் மாட்டும் கொக்கிக்கு அருகே வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து ஒரு தாளை விரலகலத்துக்குக் கிழித்து, பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவில் விட்டு முன்னிருந்து பின்னால் ஓட்டினேன். ரைஃபிள் சும்மா இருக்கும்போது தாள் தாராளமாக ரிசீவர்வரை போனது. பேரல் எதையும் தொடாமல் மிதக்க வேண்டும், மிதக்கிறது, கம்பெனி சொன்னது உண்மைதான். இப்போது முன்பகுதியை மூட்டையின் மேல் வைத்து, சுடும்போது அழுத்துகிற அளவுக்கு மேலிருந்து அழுத்தினேன். தாள் நுனியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்றுவிட்டது. ரைஃபிளைத் திருப்பி விளக்கில் பார்த்தால், ஸ்டாக்கின் உள்விளிம்பில் ஒரு கட்டைவிரல் நீளத்துக்குப் பிளாஸ்டிக் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. வெறும் கையால் பிடித்து நசுக்கினாலே அந்த முன்பகுதி வளைந்து பேரலைத் தொட்டது.

காசு மிச்சம் பிடித்த இடம் இதுதான். ஊசி வார்ப்பில் செய்த ஸ்டாக், உள்ளே தேன்கூடு மாதிரி மெல்லிய தடுப்புகள், அதற்கு மேல் ஒன்றுமில்லை. குண்டு பேரலை விட்டு வெளியேறும் நேரத்தில் பேரல் கம்பிபோல அதிர்ந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர்ந்தால் குண்டுகள் ஒரே இடத்துக்குப் போகும். நடுவில் எதோ ஒன்று, அதுவும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பலத்தோடு தொட்டால், அந்த ஒழுங்கு போய்விடும். என் தாளில் மேல்நோக்கி வலப்பக்கம் நீண்டு கிடந்த குரூப்புகளை எண்ணிப்பார்க்கும்போது எல்லாம் பொருந்திவந்தது.

அதே சமயம் ரிசீவர் உட்காரும் இடத்தைக் கவனித்திருந்தார்கள். திருகு போகும் துளைகளில் அலுமினியத் தூண்கள், பின்னுதையைத் தாங்க ஓர் எஃகுத் துண்டு. இறுக்கினால் பிளாஸ்டிக் நசுங்காது, ரிசீவர் இடம் மாறாது. ருகர் அமெரிக்கன் ரைஃபிளில் இதற்கென்றே ஆங்கில ‘வி’ வடிவத்தில் எஃகுக் கட்டைகளை ஸ்டாக்குக்குள் பதித்திருப்பார்கள். விலை குறைந்த ரைஃபிள்களில் துல்லியம் கூடியதற்குப் பேரலுக்கு அடுத்தபடி இந்த மாதிரி யோசனைகளைத்தான் சொல்ல வேண்டும்.

சரி, மருந்து எளிது. ஒரு மரக்குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி, தொடும் பக்கத்தை முக்கால் மணி நேரம் தேய்த்தேன். மூன்று தாளை மடித்து விட்டாலும், முன்பகுதியை அழுத்தினாலும், தாராளமாக ஓடும் அளவுக்கு. வெள்ளையாகத் தூள் கொட்டியது, உள்பக்கம் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது, வெளியே தெரியாது.

அடுத்த முறை மூட்டையை வேண்டுமென்றே அதே முன் இடத்தில் வைத்துச் சுட்டேன். 168 கிரெய்ன்: 31, 38, 27, 36. சராசரி 33. அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷம் முதல் நாள் 19ஐப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிது. ஏன் நல்லது, ஏன் கெட்டது என்று இப்போது தெரியும்.

அன்றைக்கே வேறு இரண்டு வகைத் தோட்டாவும் பார்த்தேன். வேட்டைக்கான 150 கிரெய்ன் மென்முனைக் குண்டு: 41, 49, 38, 48, சராசரி 44. விலை மலிந்த, செம்பு உறை போர்த்திய பயிற்சித் தோட்டா 66க்குப் போனது, அதில் எந்தக் குரூப்பும் 55க்குக் கீழே வரவில்லை. ஒரே பேரல், ஒரே மதியம், தோட்டா மட்டும் மாறினால் சிதறல் இரட்டிப்பாகிறது. விலை குறைந்த ரைஃபிளை விலை குறைந்த தோட்டாவால் சோதித்துவிட்டு ரைஃபிள் மோசம் என்று எழுதுவது அநியாயம்.

மூன்றாவது நாள் பத்துப் பத்தாக இரண்டு குரூப். முதலாவதை ஒவ்வொரு குண்டுக்கும் இரண்டு நிமிடம் இடைவெளி விட்டுச் சுட்டேன்: 43 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒன்றரை எம்ஓஏ. இந்த ரைஃபிளின் துல்லியம் என்ன என்று என்னைக் கேட்டால் நான் சொல்லும் எண் இதுதான். இரண்டாவது பத்தை நான்கு நிமிடத்துக்குள் சுட்டேன். பேரல் மெல்லியது, வேட்டைக்காரர் தோளில் சுமந்து நடப்பதற்காகச் செய்தது. ஆறாவது குண்டுக்குப் பிறகு கையை வைக்க முடியவில்லை, ஸ்கோப்பில் பார்த்தால் குறியே கானல்நீராக நெளிந்தது. கடைசி நான்கு குண்டும் மேலே ஏறி, மொத்தம் 61. இதைக் குறையாக எண்ண மாட்டேன். மெல்லிய பேரலை வேகமாகச் சூடாக்கினால் இப்படித்தான் ஆகும். வரிசையாக நிறையச் சுட வேண்டும் என்கிறவர்கள் கனத்த பேரல் உள்ளதை வாங்க வேண்டும்.

என்னைக் கேட்டால், வேட்டை ரைஃபிளுக்கு இந்த எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. ஏழு வெவ்வேறு நாட்களில், குளிர்ந்த பேரலில், ஒவ்வொரு குண்டு மட்டும். ஒரே தாளைச் சுருட்டி வைத்து மறுபடி மறுபடி அதையே மாட்டினேன். ஒரு நாள் தூறல், ஒரு நாள் நல்ல வெயில். மரத்தில் செய்த ஸ்டாக் ஈரத்தில் உப்பும், பிளாஸ்டிக்குக்கு அந்தத் தொல்லை இல்லை என்பது இதற்குச் சாதகம். ஏழு ஓட்டையும் 39 மில்லிமீட்டருக்குள், நடுப்புள்ளியைச் சுற்றியே இருக்கின்றன. காட்டில் முதல் குண்டு எங்கே போகும் என்பதற்கு இதைவிட நேரான பதில் எந்தக் குரூப்பிலும் இல்லை. செலவோ ஏழே தோட்டா. ஆனால் இதைச் செய்கிறவர்களை அதிகம் பார்த்ததில்லை, பொறுமை வேண்டும்.

120க்குப் பிறகு பேரலைச் சுத்தம் செய்தபோது துணி முதல் நாலைந்து தடவை நீலப்பச்சையாக வந்தது, உள்ளே செம்பு நிறையவே ஒட்டியிருக்கிறது. பள்ளங்களின் மேற்பரப்பு இன்னும் கொஞ்சம் சொரசொரப்பு என்று அர்த்தம். போல்ட்டின் கரகரப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது. மை சோதனையை மறுபடி செய்தேன், இரண்டாவது பல்லில் இப்போது மூன்றில் ஒரு பங்கு மின்னுகிறது. மேகசினின் பூட்டு நாக்கு மட்டும்தான் கவலையாக இருக்கிறது, பிளாஸ்டிக்கின் ஓரம் மழுங்கத் தொடங்கிவிட்டது. ஒரு மேகசின் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளப் போகிறேன்.

கம்பெனிக்கு அந்த ஸ்டாக் விஷயத்தைப் படங்களோடு எழுதினேன். ‘அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறது’ என்று ஒரு வரியில் பதில் வந்தது. எனக்குக் கோபம்தான். இன்னும் இரண்டு தடுப்புச் சுவரை அந்த அச்சில் வைத்திருந்தால் முடிந்திருக்கும். இவ்வளவு நல்ல பேரலையும் டிரிக்கரையும் கொடுத்துவிட்டு, அதை வாங்கியவர் ரைஃபிளைத் தாங்கு கட்டையில் வைத்த மாத்திரத்தில் கெட்டுப்போகும்படி விடலாமா? இந்த வகை ரைஃபிள் வைத்திருப்பவர்கள், துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்தத் தாள் துண்டை இன்றைக்கே ஓட்டிப் பாருங்கள், முன்பகுதியை அழுத்திக்கொண்டு. தாள் எங்கே நிற்கிறது என்பதை ஒரு வரி எழுதினால் எந்தெந்த அளவு பேரலில் இது வருகிறது என்று நானும் தெரிந்துகொள்வேன்.